நாற்பத்தேழாம் கன்றின் கணுக்கள்

நாற்பத்தேழாம் எண் கன்று எனக்குச் செல்லம். அலையாத்திக் காடு வளர்க்கக் கடலோரச் சேற்றில் நட்ட இருநூறு கண்டல் கன்றுகளில் அதுதான் எப்போதும் முந்திக்கொண்டு வளரும். இரண்டு வருடமாக, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளவுகோலோடு போய், உயரம் எவ்வளவு, உயிரோடு இருக்கிறதா என்று எழுதி வருகிறேன். பக்கத்துப் பகுதிகளில் பாதிக்கு மேல் செத்தபோதும் என் பகுதியில் நூற்றுக்குத் தொண்ணூறு பிழைத்தது. அலுவலகத்தில் என்னைக் கைராசிக்காரி என்றார்கள். நானும் நம்பித் தொலைத்தேன்.

அடுத்த எட்டாயிரம் கன்றுகளையும் இதே சேற்றில் நடலாமா என்று நாளைக் காலை கூட்டத்தில் முடிவு செய்வார்கள். என் கணக்கை வைத்துத்தான்.

போன தடவை, புதிதாக வந்த ஆய்வாளர் தண்டிலுள்ள கணுக்களையும் எண்ணச் சொல்லியிருந்தார். இலை உதிர்ந்த இடத்தில் வளையமாக நிற்கும் தழும்பு அது. நாளாக ஆகக் கூடுமே தவிரக் குறையாது. நாற்பத்தேழுக்குப் பதினான்கு என்று எழுதியிருந்தேன். இன்று எண்ணினால் எட்டு.

விரலால் தொட்டுத் தொட்டு மறுபடி எண்ணினேன். எட்டேதான். தண்ணீர் ஏறுவதற்குள் இருநூறையும் பார்த்து முடித்தேன். முப்பத்தொன்றில் கணு குறைந்திருந்தது. எல்லாம் நிழலில் வளர்ந்தவை போல நெடுநெடுவென்று, கணுவுக்குக் கணு தூரமாக இருந்தன. இங்கே நிழல் வலை கட்டிய ஒரே இடம் நாற்றங்கால். அதற்குப் பொறுப்பாளர் என் அக்கா.

அக்காவும் நானும் ஒரே வீடு, ஒரே அறை. என் குறிப்பேடு இருவர் கட்டிலுக்கும் நடுவே மேசைமேல்தான் கிடக்கும். செத்த கன்றைப் பிடுங்கிவிட்டு, அதே உயரத்தில் ஒன்றைத் தேடி நட்டு, எண் அட்டையை மாற்றிக் கட்ட அவளுக்கு அது போதும். கணு என்று புதிதாகச் சேர்ந்த கட்டம் என்னவென்று அவளுக்குப் புரிந்திருக்காது.

நாற்றங்காலில் பைகளுக்கு மண் நிரப்பிக்கொண்டிருந்தாள். கேட்டதும் மறுக்கக்கூட இல்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது. முதல் மழையிலேயே சாக ஆரம்பித்துவிட்டதாம். இடம் தாழ்வாம், தண்ணீர் சரியாக வடிவதில்லையாம். வெளியே தெரிந்தால் நாற்றங்காலை மூடிவிடுவார்கள், அவள் வேலையோடு என் வேலையும் போய்விடும் என்று நினைத்தாளாம். நாற்பத்தேழு எப்போது செத்தது என்று கேட்டேன். போன மாதம் என்றாள்.

"உனக்காகவும்தாண்டி செஞ்சேன். ஒவ்வொரு தடவையும் எவ்வளவு சந்தோஷமா வந்து சொல்லுவ."

சொன்னது உண்மைதான். சாப்பிடும்போதுகூட நாற்பத்தேழைப் பற்றியே பேசுவேன். அவளும் எதிரே உட்கார்ந்து, உன் பிள்ளைக்குக் கண் பட்டுவிடப் போகிறது என்று கேலி செய்வாள். இரண்டு வருடமாக என் காதில் பூ சுற்றிக்கொண்டே சோறும் போட்டிருக்கிறாள். ஓங்கி ஒன்று வைக்கலாமா என்றிருந்தது.

"அப்போ நாம மொதல்ல நட்டதுல எத்தனை உசுரோட இருக்கு?"

கொஞ்சம் இருக்கும் என்று இழுத்தாள். கையைப் பிடித்துச் சேற்றுக்குக் கூட்டிப்போய், ஒன்றையாவது காட்டு என்றேன். ஏறத் தொடங்கிய தண்ணீரில் வரிசை வரிசையாக நடந்தாள். கடைசியில் பச்சைப்பசேலென்று நின்ற ஒன்றைத் தொட்டாள்.

"இது சத்தியமா மொத நாள் நாம சேந்து நட்டது. நான் கையே வைக்கல."

குனிந்து எண்ணினேன். ஐந்து கணு. இரண்டு வருடக் கன்றுக்கு ஐந்து கணு. நான் நம்பிவிடுவேன் என்று அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கரையேறி உட்கார்ந்து, இரண்டு வருடக் கணக்கில் எதையும் நம்ப வேண்டாம், இந்த இடத்தில் இனி நட வேண்டாம் என்று எழுதினேன். கன்றுகளை மாற்றியவர் என்று போட்டு, பக்கத்தில் அவள் முழுப்பெயரையும் எழுதினேன்.

அக்கா எட்டிப் பார்த்தாள். "என் பேரையா எழுதுற?"

"வேற யார் பேரை எழுதட்டும்?" என்று கேட்டேன். முதன்முறையாக அவளை அக்கா என்று கூப்பிட வாய் வரவில்லை.