எனக்கு இல்லாத வலிப்பு

"என் ஃபேமிலி கால் மறுபடியும் வைங்க சார். இன்னிக்கே."

வைத்தீஸ்வரன் சார் தயிர்சாத டப்பாவைத் திறந்த கையோடு அப்படியே நின்றார். ஜப்பானுக்கு ஆள் அனுப்ப அவர் நடத்தும் எங்கள் பயிற்சி மையத்தில் எதை வேண்டுமானாலும் கேட்கலாம், இதை மட்டும் கேட்கக் கூடாது. தேர்வாகாதவர்கள் காரணம் கேட்கக் கூடாது, இன்னொரு வாய்ப்புக் கேட்கக் கூடாது. கேட்டால் கம்பெனிக்காரன் மையத்தையே கைகழுவிவிடுவான் என்று சேர்ந்த அன்றே சொல்லிவிடுவார்கள். ஒரு வருஷமாகப் புதுப் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக்கொண்டிருப்பது நான்தான்.

முதியோர் இல்லங்களுக்கு ஆள் எடுக்கிற அந்தக் கம்பெனி நம்மைப் பேட்டி எடுத்துப் பிடித்துப்போன பிறகு, வீட்டாரிடம் வீடியோவில் பேசும். பெற்றவர்கள் மனசாரச் சரி என்றால்தான் வேலை. அதற்குப் பெயர்தான் ஃபேமிலி கால். அந்த நேரத்தில் போகிற ஆள் அறையில் இருக்கக் கூடாது. போன வருஷம் என் அம்மா செல்லியம்மாள் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு உள்ளே போனாள். சார் மொழிபெயர்த்தார். நான் வெளியே படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் சார் சொன்னார். "கம்பெனில வேண்டாம்னுட்டாங்கம்மா. காரணம் சொல்லல."

பேட்டியில் எல்லாரையும் விட நான்தான் நன்றாகச் செய்திருந்தேன். எங்கள் வம்சத்தில் காலேஜ் படியேறிய முதல் ஆள், அதற்குத் தாசில்தார் கையெழுத்துப் போட்ட சான்றிதழே இருக்கிறது. அந்த நான் இரும்புலியூர் வீட்டில் சுவரைப் பார்த்துப் படுத்து அழுதேன். அம்மா திருநீர்மலைக்குக் கூட்டிப்போய் நெய்விளக்கு ஏற்றினாள். "அந்தப் பெருமாளுக்கே இஷ்டமில்லடி, வுடு" என்று கண்ணைத் துடைத்துவிட்டாள். சார் கூப்பிட்டு டீச்சர் வேலை கொடுத்தார்; ஜப்பான் மொழியில் சென்செய். அதற்கப்புறம் நான் சொல்லிக்கொடுத்த பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகப் பறந்தார்கள். நான் விமான நிலையத்தில் கையசைத்துவிட்டுத் திரிசூலத்தில் மின்சார ரயில் ஏறித் திரும்புவேன்.

இன்று காலை என் மாணவி செல்வமேரியின் அப்பாவுக்கு ஃபேமிலி கால். இப்போதெல்லாம் மொழிபெயர்ப்பது நான். பேசி முடித்ததும் திரையில் இருந்த ஒகமோட்டோ மேடம் என்னையே உற்றுப் பார்த்தார். அன்று என்னைப் பேட்டி எடுத்தவர் அவர்தான்; அதற்கப்புறம் இன்றுதான் திரையில் வந்தார். முகத்தில் நிஜமான கரிசனத்தோடு கேட்டார். "உங்கள் வலிப்பு இப்போது தேவலையா?"

எங்கள் வகுப்பில் முதல் பாடமே முதலாளி முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லாதே என்பதுதான். பழகிய வாய், பழகிய இடுப்பு. "ஆமாம், தேவலை, உங்கள் தயவு" என்று குனிந்து சொல்லிவிட்டேன். திரை அணைந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. எனக்கு ஏது வலிப்பு?

"உக்காரும்மா சுபத்ரா. சாப்டியா?" என்றார் சார்.

"எனக்கு வலிப்புன்னு யார் சார் சொன்னது?"

"அது வந்து... உங்கம்மாதான். நான் மொழிபெயர்த்தேன், அவ்ளோதான். உன் மனசு கஷ்டப்படுமேன்னு சொல்லல."

போனை எடுத்து அம்மாவுக்குப் போட்டு, ஸ்பீக்கரை அழுத்தி, அவருடைய டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"இன்னாடி இந்நேரத்துல? துன்னியா?"

"எம்மா, எனக்கு எப்பம்மா வலிப்பு வந்துச்சு?"

அம்மா அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது.

"எம்மா."

"யார்றி சொன்னது? சாரா? சொல்லவே மாட்டேன்னாரே!"

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

"நானா ஒண்ணும் சொல்லலடி. பயமா கீது சார், அனுப்ப மன்சு வர்லன்னேன். அவருதான், அப்டி சொன்னா பொண்ணு உங்க மேல கோச்சுக்கும், வலிப்புன்னு சொல்லிடுங்க, அவங்களே வேணான்னுடுவாங்க, பொண்ணுக்கு நானே இங்க வேலை போட்டுத் தரேன்னாரு. நல்ல மன்ஷன்டி."

"நல்ல மன்ஷன்தான். இங்கதான் குந்திகினு கேட்டுகினு கீறாரு."

"ஐயய்யோ!"

"பெருமாளுக்கு இஷ்டமில்லன்னியே. அவர ஏம்மா இதுல இழுத்த?"

அம்மா அழுதாள். அழுகையிலும் குரல் ஏறியது. "உங்கண்ணன் ஷார்ஜா போனான். பெத்த அப்பன் செத்ததுக்கு வந்தானா? போன்ல பொணத்தப் பாத்தான். நீயும் போய்ட்டா நான் யார் மூஞ்சப் பாத்துகினு கீறது?"

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா கேட்டிருப்பியா?"

"மாட்டேன்."

"அப்பறம் இன்னாத்துக்குச் சொல்லணும்?"

சார் அதைப் பிடித்துக்கொண்டார்.

"பெத்த மனசும்மா. நானும் ஒரு பொண்ணைப் பெத்தவன்தானே."

"உங்க மிருதுளா மெல்போர்ன்ல படிக்கிறாங்களே சார், அவங்களுக்கு எந்த யுனிவர்சிட்டில வலிப்புன்னு சொன்னீங்க?"

அவர் முகம் சிவந்தது. "உன்னை மாதிரி சொல்லிக்கொடுக்க எனக்கு ஆள் கிடைக்கலம்மா. நான் என்ன பண்றது?"

அதைப் பாராட்டாகத்தான் சொன்னார். நன்றாகப் படித்ததற்கு எனக்குக் கிடைத்த பரிசு ஒரு நோய்.

"மறுபடி கால் வைங்க."

"வெச்சு என்னன்னு சொல்றது? நாங்க பொய் சொன்னோம்னா? அப்புறம் இந்தப் பிள்ளைங்க கதி? அதெல்லாம் விடு, காலைல நீயே ஆமான்னு சொல்லிட்டியே சுபத்ரா. நான் பக்கத்துலதானே இருந்தேன்." கொஞ்சம் நிம்மதியாகவே சொன்னார். "மத்தியானம் மூணு ஃபேமிலி இருக்கு. முடிச்சுடு, பொறுமையா பேசலாம்."

நான் கேட்டதே தப்பு என்று அப்போது புரிந்தது. இரண்டாவது கால் வைத்தாலும் பேசப்போவது அம்மா, மொழிபெயர்க்கப்போவது சார், படிக்கட்டில் உட்காரப்போவது நான். பெங்களூருவில் ஜப்பான் வேலைக்கான பரீட்சை எழுதி, மையம் எதுவும் இல்லாமல் நாமே நேராக வேலை தேடிக்கொண்டு போகும் வழி ஒன்றும் உண்டு. பிள்ளைகள் கேட்டால் அது ரொம்பச் சிரமம் என்று சொல்லச் சொல்லி சார் என்னைப் பழக்கியிருந்தார். சிரமம்தான். ஆனால் அங்கே என்னைப் பற்றி நான்தான் பேசுவேன்.

மார்க்கர் பேனாவை மேஜையில் வைத்துவிட்டுப் போனை எடுத்துக்கொண்டேன்.

"எங்கம்மா போற? மூணு ஃபேமிலி..."

"மொழிபெயர்க்கத்தான் உங்களுக்குத் தெரியுமே சார்."

கதவுக்கு வெளியே செல்வமேரி நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். "சென்செய் அக்கா, எங்கப்பா என்ன சொன்னாரு?"

"சரின்னாரு. அவர் சொன்னதை ஒரு வார்த்தை மாத்தாம சொல்லிட்டேன்."

மத்தியானக் காலுக்காகப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்த மற்ற மூன்று பெண்களிடமும் சொன்னேன். "எழுந்திரிங்க. உங்க கால் வரும்போது உள்ள போய் உக்காருங்க. வெளிய போன்னா போகாதீங்க."

கையிலிருந்த போனில் அம்மா இன்னும் இருந்தாள்.

"சுபா, வெச்சிட்டியா? கருவாட்டுக் கொழம்பு கீது. எதுவா இருந்தாலும் வூட்டுக்கு வாடி, பேசிக்கலாம்."

"வரேம்மா," என்றேன். "துணியும் பாஸ்போர்ட்டும் எடுக்க வரேன்."

படியிறங்கினேன்.