கிரேஸ் சிஸ்டரின் கைராசி

கிரேஸ் சிஸ்டருக்குக் கைராசி என்று கவரைப்பேட்டையிலிருந்து ஆரம்பாக்கம் வரைக்கும் பேச்சு. கும்மிடிப்பூண்டியில் அந்தத் தனியார் ஆஸ்பத்திரியின் ஐசியூவுக்குள் நுழைந்ததும், பாக்கெட்டிலிருந்து சின்ன பாட்டிலை எடுப்பாள். சபையில் ஜெபித்துக் கொடுத்த எண்ணெய். கட்டைவிரலில் தொட்டு ஒவ்வொரு நெற்றியிலும் சிலுவை போடுவாள். பெரியபாளையத்து அம்மனுக்கு வேண்டிக்கொண்டவர்கள்கூட நெற்றியைக் காட்டுவார்கள். மற்ற வேலைக்கெல்லாம் கையுறை போடுகிறவள் இதற்கு மட்டும் போடமாட்டாள். உறை போட்ட கையாலா ஆசீர்வதிப்பார்கள்?

டியூட்டி முடிந்ததும் அதே பாட்டிலோடு மாடிக்குப் போவாள். அவள் மகள் ஏஞ்சல் குறைமாதத்தில் பெற்ற குழந்தை அங்கேதான் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. கல்யாணமாகி எத்தனையோ வருஷம் கழித்து வந்த பிள்ளை. அது பிழைத்தால் போதும் என்று கிரேஸ் அதன் நெற்றியிலும் எண்ணெய் வைப்பாள்.

கீழே, உருக்காலையில் வெந்துபோய் வந்த அன்புசெல்வனுக்கு ஊசி மேல் ஊசி போட்டும் காய்ச்சல் இறங்கவில்லை. அவன் புண்ணிலிருந்து கிருமியை எடுத்து வளர்த்த தட்டை லேப் தணிகைவேல் ஐசியூ கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து காட்டினான். மருந்து தோய்த்த வட்டச் சீட்டுகளைச் சுற்றிக் கிருமி செத்திருக்க வேண்டும். எங்கே செத்தது? எல்லாச் சீட்டின் விளிம்பு வரைக்கும் வெள்ளையாகப் படர்ந்து கிடந்தது.

“இன்னா தணிகை, ஒரு மருந்துகூடவா கேக்கல?”

“ஒண்ணுகூட கேக்கல சிஸ்டர்.”

அன்புசெல்வன் போய்ச் சேர்ந்தான். அடுத்து மூலைக் கட்டில் ஆதிகேசவனுக்குச் சிறுநீரில் தொற்று. அது வேறு கிருமி. அதுவும் எதற்கும் அடங்கவில்லை. இரண்டையும் மரபணுச் சோதனைக்குச் சென்னைக்கு அனுப்பினார்கள். முடிவைப் பார்த்த தணிகைவேலின் முகம் செத்துப்போனது.

“கிருமி வேற வேற சிஸ்டர். ஆனா மருந்த முறிக்கிற ஜீன் ஒண்ணேதான். பக்கத்து ஊட்டுக்குக் கிண்ணத்துல கொழம்பு குடுக்கறா மாதிரி ஒரு கிருமி இன்னொண்ணுக்குக் குடுத்துடும். ஆனா ரெண்டும் ஒரே எடத்துல சேரணும். எதுவோ இந்தக் கட்டிலுக்கும் அந்தக் கட்டிலுக்கும் போய்க்கினு வந்துக்கினு கீது.”

கட்டில் கம்பி, குழாய், டாக்டரின் ஸ்டெதஸ்கோப் என்று எல்லாவற்றையும் பஞ்சுக் குச்சியால் துடைத்துச் சோதனைக்கு எடுத்தான்.

“பாக்கெட்ல இன்னா சிஸ்டர்?”

“அட போப்பா! இது ஆண்டவரோட எண்ணெ” என்று சிரித்தாள். சிரித்தபடியே கொடுத்தாள். லேப் முடிவு வந்தது.

வேலியே பயிரை மேய்ந்த கதைதான். பாட்டிலின் வாயில் இரண்டு கிருமிகளும் இருந்தன. தணிகைவேல் திட்டியிருக்கலாம், திட்டவில்லை.

“ஐசியூ தவிர வேற யாருக்காச்சும் வெச்சீங்களா சிஸ்டர்?”

ஐயோ, என் தங்கமே! கிரேஸ் படியேறி ஓடினாள். கதவருகே கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்தாள். தோல் சிவந்த பிறகும் தேய்த்தாள்.

உள்ளேயிருந்து ஏஞ்சல் அழுதுகொண்டே வந்தாள்.

“எங்கம்மா போன? கொழந்த பாலே இழுக்கமாட்டேங்குது, ஒடம்பு சில்லுனு கீது. டாக்டரு ஏதோ ஊசி போட்டுக்கினு கீறாரு. சீக்கிரம் வந்து எண்ணெ வெச்சு ஜெபம் பண்ணும்மா!”

கிரேஸ் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு அங்கேயே நின்றாள்.