அனைவரும் அணைக்கவும்

அந்தத் தேவாலயத்தில், கிறிஸ்துமஸுக்கு முந்தைய மாலை ஆராதனையில் கடைசிப் பாடல் முடிந்ததும், எல்லோரும் எரிகிற மெழுகுவர்த்தியை இடது கையால் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, வலது கையால் பக்கத்தில் நிற்பவரைக் கட்டி அணைப்பார்கள். ஏன் என்று கேட்டால், "அது தொன்றுதொட்டு வர்றதுங்க" என்பார்கள். தொன்று எது, தொட்டது யார் என்பது சபை அலுவலக டைப்பிஸ்டுக்குத் தெரியும். தொட்டது அவள்தான்.

முப்பத்திரண்டு வருடத்துக்கு முன்னால், அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில், அப்போதைய போதகர் கோழி கிளறியது போன்ற கையெழுத்தில் ஆராதனை முறைமையை எழுதிக் கொடுத்தார். "பாடல் முடிந்ததும் அனைவரும் மெழுகுவர்த்திகளை அணைக்கவும்." அவள் அவசரத்தில் மெழுகுவர்த்திகளை விட்டுவிட்டாள். முந்நூறு சீட்டு அச்சாகி வந்தது: "பாடல் முடிந்ததும் அனைவரும் அணைக்கவும்."

சபையார் சீட்டைப் பார்த்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அச்சடித்ததை மீறும் துணிச்சல் எவருக்கும் இல்லை. அணைத்தார்கள். இரண்டு முந்தானைகளும் ஒரு மீசையும் கருகின. அடுத்த வருடம் சீட்டு இல்லாமலே அணைத்தார்கள். மீசைக்காரர் முன்ஜாக்கிரதையாக மெழுகுவர்த்தியைத் தூக்கிப் பிடித்தார், ஊரே தூக்கியது. "சந்தோஷமாத்தானே இருக்காங்க, விடும்மா" என்று போதகர் மன்னித்தார். அவரும் போய்ச் சேர்ந்தார். டைப்பிஸ்ட் இந்தக் கதையைச் சொல்லி அழுதது தன் அக்காவிடம் மட்டும்தான்.

அந்த அக்காவோடு பதினோரு வருடமாகப் பேச்சில்லை. அம்மாவின் அடக்கத்தன்று பெட்டி மேல் எந்தப் போட்டோவை வைப்பது என்று ஆரம்பித்த பேச்சு, "அம்மாவை நீ என்னைக்குப் பார்த்தே?" என்று முடிந்தது. அதற்காகத் தேவாலயத்தின் ஐந்தாவது வரிசையை விட்டுக்கொடுக்க முடியுமா? அது அப்பா உட்கார்ந்த இடம். எழுந்து போனவள் தோற்றவள். ஆகவே இருவரும் நடுவில் ஒரு கைப்பையை எல்லைக்கல்லாக நட்டு, வாராவாரம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். வருடத்தில் ஒரே ஒரு மாலை, வழக்கம் என்ற பெயரில், அக்காவின் வலது கை அவள் தோளைச் சுற்றி வரும். கடமைக்கு வரும் கைதான். ஆனால் போன வருடம் ஒரு நொடி கூடுதலாக இருந்தது. டைப்பிஸ்ட் அந்த ஒரு நொடியை வைத்துக்கொண்டு வருடத்தை ஓட்டினாள்.

அப்போதுதான் புதுப் போதகர் வந்தார். இளம் வயது, இஸ்திரி போட்ட குரல்.

"இந்தக் கட்டிப்பிடிக்கிறது வேதத்துலயும் இல்லை, முறைமைப் புத்தகத்துலயும் இல்லை. ஆதாரம் இருந்தா வெச்சுக்கலாம். இல்லைன்னா இந்த வருஷம் கிடையாது."

ஆதாரம் தேடும் பொறுப்பு ஓய்வுபெற்ற பேராசிரியர் தலையில் விழுந்தது. விழுந்தது என்பதைவிட, அவர் தலையை நீட்டிக்கொண்டு நின்றார் என்பதே சரி. சபையில் அவருக்கு 'அடிக்குறிப்பு' என்று பெயர். மணி கேட்டால்கூட "எந்தக் கடிகாரத்தின்படி?" என்பார். மூன்றே வாரத்தில் "கிறிஸ்துமஸ் வழக்கங்களின் தோற்றமும் பரவலும்" என்று நாற்பத்திரண்டு பக்கம் எழுதி டைப்பிஸ்டின் மேசையில் வைத்தார். மரம் ஜெர்மானிய வீடுகளிலிருந்து புறப்பட்டு உலகைச் சுற்றியது. வடதிசைக் குளிரில் பெரிய கட்டை எரிந்தது. காலுறையில் பரிசு விழுந்தது. முப்பத்தொன்பதாம் பக்கத்தில், தீப்பந்தம் ஏந்திய ஆதிகுடிகள் நேராக இந்தத் தேவாலயத்துக்குள் நுழைந்து ஒருவரை ஒருவர் தழுவிக்கொண்டார்கள். இடது கை இதயத்துக்கு அருகில் இருப்பதால் ஒளி இடது கையில் என்றும் விளக்கியிருந்தார். மீசை எங்கும் வரவில்லை.

டைப்பிஸ்ட் ஒரு வார்த்தை விடாமல் அடித்தாள். அடிக்க அடிக்க ஒரு சந்தேகம். எந்த ஊரிலோ எவளோ ஒருத்தி காயப்போட்ட காலுறையை எடுக்க மறந்திருப்பாள். எவனோ விறகு நனையக் கூடாதென்று மரத்தை வீட்டுக்குள் இழுத்து வந்திருப்பான். அதற்குப் பிறகு ஒரு பேராசிரியர் வந்திருப்பார்.

கமிட்டி கூடியது. பெண்கள் சங்கச் செயலாளர் என்ற முறையில் அக்காவும் எதிரே உட்கார்ந்திருந்தாள், டைப்பிஸ்டைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்தபடி.

"உலகத்தையே சுத்திக் காட்டிட்டீங்க ஐயா" என்றார் போதகர். "நம்ம கேட்டுக்குள்ள எப்படி வந்துச்சுன்னு மட்டும் காணோம்."

"எழுபத்தோராவது அடிக்குறிப்பைப் பாருங்க" என்றார் பேராசிரியர்.

"பார்த்தேன். 'பன்னிரண்டைக் காண்க'ன்னு இருக்கு. பன்னிரண்டுக்குப் போனா 'எழுபத்தொன்றைக் காண்க'ன்னு இருக்கு. நான் ரெண்டு தடவை போயிட்டு வந்துட்டேன்."

பிறகு அவர் ஒரு பழுப்பேறிய சீட்டை எடுத்தார். அலமாரியைக் குடைந்து அவரே கண்டுபிடித்தது.

"'அனைவரும் அணைக்கவும்.' எதை அணைக்கணும்? வாக்கியத்துல செயப்படுபொருளே இல்லையே."

"அன்புக்கு ஏதுங்க செயப்படுபொருள்?" என்றார் பேராசிரியர், தனக்கே கண் கலங்கி.

"கையில மெழுகுவர்த்தி வேற இருந்திருக்கு." போதகர் திரும்பினார். "டைப்பிஸ்டம்மா, இது நீங்க அடிச்சதுதானே? பழைய போதகர் எழுதிக்கொடுத்தது இவ்வளவுதானா?"

லீவு விண்ணப்பங்களைத் தவிர வேறெங்கும் டைப்பிஸ்ட் பொய் சொன்னதில்லை. எதிரே இருந்த அக்காவின் வலது கையைப் பார்த்தாள்.

"ஆமாங்கய்யா. எழுத்துக்கு எழுத்து இதேதான். 'ஒருவரை ஒருவர்'னு கூட வாயால சொன்னார். அது எல்லாருக்கும் புரியுமேன்னு நான்தான் போடலை."

"நேரடி சாட்சி!" பேராசிரியர் பேனாவைத் திறந்தார். "எழுபத்திரண்டாவது அடிக்குறிப்பு—"

"ஏய், புளுகாதடி!"

அக்காதான். பதினோரு வருடத்தில் முதல் வார்த்தை.

"'மெழுகுவர்த்தியை முழுங்கிட்டேன் அக்கா, வேலை போயிடும்'னு என் முந்தானையில மூக்கைச் சிந்தினது யாருடி? தேவாலயத்துல உட்கார்ந்துக்கிட்டு, போதகர் முகத்தைப் பார்த்து, எப்படி வருது உனக்கு?"

"இத்தனை வருஷம் கழிச்சு வாயைத் திறந்தே, என்னைக் காட்டிக்கொடுக்கத்தானா?"

"நீ பொய் சொன்னா நான் வாயை மூடிக்கிட்டு இருப்பேனா?"

"மூடிக்கிட்டுத்தானே இருந்தே, பதினோரு வருஷமா!"

போதகர் மேசையைத் தட்டினார். பேராசிரியர், தன் ஆதிகுடிகள் தீப்பந்தத்தோடு வந்த வழியே திரும்பிப் போவதைப் பார்ப்பவர்போல் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அணைப்பு ஒருமனதாக நீக்கப்பட்டது. ஓட்டுப் போட வேண்டிய அக்கா அப்போது அறையில் இல்லை. இருவரும் படிக்கட்டில் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

"எதுக்குடி அப்படி ஒரு பொய்? உனக்கென்ன லாபம்?"

"அந்த வழக்கம் போயிட்டா நீ என்னைத் தொடுவியா?"

அக்கா தோளில் சரியாகத்தான் இருந்த முந்தானையை மறுபடி சரிசெய்தாள்.

"சீட்டுல போட்டாத்தான் நான் தொடணுமா? நீ ஒரு தடவை வந்து கூப்பிட்டிருந்தா?"

"நீ கூப்பிட்டிருக்கலாமே!"

"நான் மூத்தவ."

"அதனாலதான் சொல்றேன்."

"அதனாலதான் முடியலை" என்றாள் அக்கா. "பஸ் வருது. வாயை மூடிக்கிட்டு ஏறு."

அந்த வருடச் சீட்டைப் போதகரே பக்கத்தில் நின்று அடிக்க வைத்தார்: "பாடல் முடிந்ததும் அனைவரும் மெழுகுவர்த்திகளை, மெழுகுவர்த்திகளை மட்டும், அணைக்கவும்." சபையார் ஊதினார்கள். இருட்டியது. கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் முந்நூறு பேர் நின்றார்கள். பேராசிரியர் மட்டும், ஒளியை ஊதி அணைக்கும் வழக்கத்தின் தோற்றம் குறித்து மனதுக்குள் முதல் பத்தியைத் தொடங்கிவிட்டார்.

ஐந்தாவது வரிசையில் கைப்பை தரையில் இருந்தது. யாரும் யாரையும் கட்டிக்கொள்ளவில்லை, அதற்கு நேரமில்லை.

"எந்த முழங்கால்? வலதா?" என்றாள் டைப்பிஸ்ட்.

"ரெண்டும்தான். ஏன் கேக்கிறே, மூணு டாக்டர் பார்த்தாச்சு."

"மூணு பேரா? எனக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"எப்படிச் சொல்றது, தந்தி அடிக்கவா?"

போதகர் இருட்டிலிருந்து இரண்டு முறை "உஷ்" என்றார். அது சீட்டில் இல்லாததால் அவர்கள் பொருட்படுத்தவில்லை.