தாய்மாமன் படம்

ஜெயக்கொடியின் பருத்தி வெடிக்கத் தொடங்கிய நேரம் பார்த்து, பக்கத்து ஊர் பூமிநாதன் தன் காட்டு ஓரமாகப் போன வண்டிப்பாதையை மறித்து வேலி போட்டான். லோடு வண்டி காட்டுக்குள் போனால்தான் பருத்தி அருப்புக்கோட்டைக்குப் போகும். மழையில் நனைந்தால் சீந்துவார் கிடையாது.

ஜெயக்கொடி கொடுத்த புகாரை விசாரிக்க வந்தவர் புதிதாக மாற்றலாகி வந்த அதிகாரி அருஞ்சுனை. ஜெயக்கொடியின் மனைவி ஜெபா நீட்டிய மோரைக்கூட அவர் தொடவில்லை.

"விசாரணைக்கு வந்த எடத்துல கை நனைக்கப்படாதும்மா."

இந்தக் காலத்தில் இப்படி ஒரு மனிதரா என்று ஜெபாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த மனிதர்தான் மறுவாரம், 'அங்கே பாதையே இருந்ததில்லை' என்று உத்தரவு போட்டார்.

எங்கள் பக்கம் விசேஷம் முடிந்ததும் ஃப்ளெக்ஸைக் கழற்றிப் படுதாவாக்கிவிடுவோம். வானம் கறுக்கவும் பூமிநாதன் தன் பருத்திக் குவியலை மூடினான். மகனுக்கு வெளியூர்க் குலசாமி கோயிலில் காது குத்தியபோது அடித்த ஃப்ளெக்ஸ் அது. அதில் கறுப்புக் கண்ணாடி மாட்டி, பிள்ளையை மடியில் வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார் தாய்மாமன் அருஞ்சுனை. படுபாவி, பூமிநாதனின் மச்சினன்!

ஜெயக்கொடி செல்போனில் படம் பிடித்து மேலிடத்துக்கு மனுப்போட்டான். சொந்தக்காரன் வழக்கைச் சொந்தக்காரனே விசாரிக்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறதாம். வேறு அதிகாரி வருவார் என்று நம்பினான். மேலிடம் அந்த மனுவை விசாரித்து அறிக்கை தரச்சொல்லி அருஞ்சுனைக்கே அனுப்பிவைத்தது.

அவர் ஜெயக்கொடியை ஆபீசுக்கு வரச்சொன்னார். படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இவரு கண்ணாடி போட்டிருக்காரே. நான் போடுறதில்லையே."

"கீழ ஒங்க பேரு இருக்கே சார்."

"இந்தப் பேருல ஊருக்கு நாலு பேரு இருக்காக."

"சார், அது நீங்கதான சார்?"

"அதைத்தானய்யா விசாரிக்கச் சொல்லியிருக்காக!"

பேனாவைத் திறந்தார். பிறகு வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார்: "நேரில் ஒப்பிட்டுப் பார்க்கப்பட்டது. படத்தில் இருப்பவர் நான் அல்ல எனத் தெரியவருகிறது."

ஜெயக்கொடிக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன.

"ஒங்களுக்கு ஆட்சேபம்னா மேல எழுதுங்க," என்றார் அருஞ்சுனை தன்மையாக. "எப்படியும் எங்கிட்டத்தான் வரும்."

பஸ்ஸை விட்டு இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. ஜெயக்கொடி காட்டுக்கு ஓடினான். ஏற்றிப்போக வழியில்லாமல் செடியிலேயே விட்டிருந்த அவன் பருத்தி நனைந்து தொங்கியது. வேலிக்கு அந்தப் பக்கம், தாய்மாமனின் சிரித்த முகத்துக்கு அடியில், பூமிநாதனின் பருத்தி ஒரு பொட்டு நனையாமல் இருந்தது.