எல்லாம் ஒரே வாசல் வழியாக

"கிட்னியை வேற யாருக்கோ குடுத்துட்டாங்கக்கா," என்று தம்பி போனில் சொன்னபோது, அக்கா ஆபீசில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். "நான் பதில் சொல்லலையாம்."

பொருத்தமான கிட்னி கிடைத்தால் ஆஸ்பத்திரியிலிருந்து மெசேஜ் வரும். அதிலிருக்கும் லிங்கை அமுக்கி, வருகிறேன் என்று ஒரு மணி நேரத்துக்குள் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் அடுத்தவருக்குப் போய்விடும். இந்த மெசேஜுக்காகத் தம்பி வருஷக்கணக்காகக் காத்துக் கிடந்தான்.

"அமுக்கினேன்க்கா. நல்வரவுன்னு வந்துச்சு. சரி, வரச் சொல்றாங்கன்னு பையை எடுத்துட்டுக் கிளம்பிட்டேன். ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்றதுக்குள்ள நேரம் தாண்டிடுச்சு. அவசரத்துல வேற எதையோ அமுக்கித் தொலைச்சிருக்கேன் போல. என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்."

அக்காவுக்கு அழுகை வரவில்லை. வந்திருந்தால் தேவலை. "லைன்லயே இரு," என்றாள்.

அந்த ஆஸ்பத்திரியின் வெப்சைட்டைப் புதிதாக எழுதிக் கொடுத்ததே அவள் டீம்தான். பழைய சைட் சந்தைக்கடை. பக்கத்துக்குப் பக்கம் தனி வாசல், வாசலுக்கு வாசல் அதே விசாரணை. ஒன்றைத் திருத்தினால் இன்னொன்று பல்லைக் காட்டும். அக்கா எல்லாவற்றையும் அடைத்துவிட்டு ஒரே வாசல் வைத்தாள். யார் எந்த லிங்கை அமுக்கினாலும் அந்தக் கோரிக்கை முதலில் கன்ட்ரோலர் என்ற ஒற்றைப் புரோகிராமிடம்தான் வர வேண்டும். அது விசாரித்து உரிய இடத்துக்கு அனுப்பும். ஆபீசில் அதற்கு 'வாட்ச்மேன்' என்று செல்லப்பெயர். மேனேஜர் அதைச் சொல்லி நாலு இடத்தில் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

வாட்ச்மேனுக்குத் தெரியாத லிங்க் முகவரி வந்தால் என்ன செய்வது என்று மீட்டிங்கில் பேச்சு வந்தது. "பிழைன்னு காட்டினா நோயாளிங்க பயந்துடுவாங்க. நல்வரவுன்னு போட்ட முகப்புப் பக்கத்துக்கு அனுப்பிடலாம்," என்றது சாட்சாத் அக்காவேதான். நல்ல மனசுதான், யார் இல்லையென்றது!

இப்போது வந்துபோன கோரிக்கைகளின் பதிவைத் திறந்தாள். தம்பி அமுக்கியது அப்படியே இருந்தது. மெசேஜ் அனுப்புவது வேறொரு கம்பெனி. அவர்கள் இன்னும் பழைய முகவரியைத்தான் போட்டு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அந்த முகவரியை வாட்ச்மேனுக்குச் சொல்லிவைக்க அக்கா மறந்துவிட்டாள். அதுவும் ஈயென்று இளித்து, நல்வரவு சொல்லி, எல்லாம் சரி என்று பதிவில் எழுதிக்கொண்டது. பிழை என்று முகத்திலடித்த மாதிரி சொல்லியிருந்தால் தம்பி உடனே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டிருப்பான்.

சொல்லாமல் இருந்துவிடலாம். பழியை அவனே தலையில் தூக்கிப் போட்டுக்கொண்டாயிற்று, இனி யார் கேட்கப்போகிறார்கள்? ஒரு நிமிஷம் அப்படித்தான் நினைத்தாள், மறைப்பானேன்.

"நீ தப்பா அமுக்கலடா," என்றாள். "சரியாத்தான் அமுக்கியிருக்கே. அந்த லிங்கைப் புது சைட்ல சேர்க்காம விட்டது நான்தான். என் புரோகிராம்தான் உன்னை வேற பக்கம் திருப்பி விட்டுடுச்சு."

போனில் ஆஸ்பத்திரி வராந்தாவில் யாரையோ டாக்டர் அறைக்குக் கூப்பிடுவது கேட்டது. திட்டித் தொலையேன்டா என்றிருந்தது அவளுக்கு.

"இந்த லிங்க் எல்லாருக்குமா வரும்?" என்றான் தம்பி கடைசியில்.

"இல்ல. புதுசா சேர்ந்தவங்களுக்கு ஆப் இருக்கு, அது ஒழுங்கா வேலை செய்யுது. ரொம்ப நாளா காத்திருக்கிறவங்களுக்குத்தான் மெசேஜ்."

"அப்ப எனக்கு முன்னாடி மெசேஜ் வந்தவங்களும் இதைத்தானே அமுக்கியிருப்பாங்க?"

அதுவரை அது அவளுக்கு உறைக்கவே இல்லை. பழைய முகவரியைப் போட்டுத் தேடினாள். திரை நிறைய வந்தார்கள். ஒருவர் அமுக்கியிருக்கிறார், நல்வரவு வந்திருக்கிறது, நம்பாமல் மறுபடி அமுக்கியிருக்கிறார். அந்த ஒரு மணி நேரமும் விடாமல் அமுக்கிக்கொண்டே இருந்திருக்கிறார்.

"அமுக்கியிருக்காங்கடா," என்றாள்.

"அவங்கல்லாம் இப்ப உயிரோட இருக்காங்களாக்கா?"

"தெரியல," என்றாள் அக்கா.