கட்டிக்கு நாற்பத்தொரு படங்கள்

1
இந்தக் கதை மருத்துவமனைத் தோல் பிரிவின் வாசலில் கிடைத்தது. உயர்ந்த நோக்கம் எதுவும் இல்லை. எனக்கு முதுகில் அரிப்பு. பக்கத்து நாற்காலிகளில் ஒரு தையற்காரரும் அவர் மனைவியும். அவருக்கு எலும்பு மஜ்ஜையில் கோளாறு. ரத்தம் சரியாக ஊறுவதில்லை. இரண்டு மாதமாகக் காதுக்குப் பின்னால் ஊதாநிறக் கட்டி ஒன்று வளர்கிறது. சாதாரணக் கட்டியா, மஜ்ஜை நோய்தான் தோலில் குடியேறிவிட்டதா? அது தெரியாமல் மருந்து தொடங்க முடியாது.

2
முதல் தொடக்கம்: ‘அந்தி வானத்தின் ஊதா அவர் காதோரம் உறைந்து—’

(அடித்துவிட்டேன். கட்டிக்கு எதற்கு அந்தி வானம்?)

இரண்டாம் தொடக்கம்:

“தோல் மேல இருக்கு. மாடிக்குப் போங்க” என்றார் ரத்த மருத்துவர்.

“வேர் மஜ்ஜையில இருக்கு. கீழ போங்க” என்றார் தோல் மருத்துவர்.

அனுப்பும் முன் இருவரும் மறக்காமல் படம் எடுத்துக்கொண்டார்கள். அபூர்வக் கட்டி, மாநாட்டுக்குப் போகும். துறைத்தலைவர் ஒரு படக்காரரையே வரவழைத்தார். “கொஞ்சம் சிரிங்க” என்றார் படக்காரர், கட்டியிடம்.*

* மிகை. தையற்காரரிடம்தான் சொன்னார். முகம் படத்தில் விழாது என்பது அவருக்கு மறந்துவிட்டது.

3
மருத்துவர்கள் எல்லாரும் கூடியிருக்க, நாற்பத்தோராவது படத்தின்போது மனைவி கேட்டார்:

“ஏன் சார், இதுல துண்டு எடுத்து சோதனைக்கு அனுப்பியாச்சா?”

“கீழ எடுத்திருப்பாங்கன்னு நெனச்சேன்.”

“நான் மாடியில எடுத்திருப்பாங்கன்னுல்ல நெனச்சேன்!”

தலைவர் தொண்டையைச் செருமினார். “மாநாடு முடியட்டும்மா. இப்ப வெட்டினா அழகு போயிடும்.”

“அழகா? இவரும் முப்பது வருஷமா அளவெடுக்கிறாரு சார். ஆனா அப்புறம் வெட்டுவாரு. வெறும் அளவை யாரு உடுத்துறது?”

4
முடிவு அ: தலைவர் திருந்துகிறார். (எனக்கே நம்பிக்கையில்லை.)

முடிவு ஆ: கட்டியே மாநாட்டில் உரையாற்றுகிறது. கைதட்டல், பொன்னாடை. (பொன்னாடையை எங்கே போர்த்துவது?)

முடிவு இ: ‘தையற்காரர் மெல்லக் கண்மூடி—’

இந்த இடத்தில் மனைவி என் பக்கம் திரும்பினார்.

“ஏன்ணே, ஊதான்னீங்க, அந்தி வானம்னீங்க, இப்ப மூணு முடிவு வேற. நீங்களும் படம்தான் எடுக்குறீங்களா?”

“விடு, அவருக்கும் மாநாடு இருக்கும்” என்றார் தையற்காரர்.

(இருக்கிறது. அடுத்த ஞாயிறு. இலக்கிய மாநாடு. வாசிக்க ஒரு கதை தேவைப்பட்டது.)

5
அடுத்த வரியிலேயே வெட்டவைத்தேன். மிளகளவு துண்டு, சின்னக் குப்பி, சோதனைக்கூடம். இப்போது முடிவு, ஒட்டிய உறையில் வந்திருக்கிறது. மாடி பிரிக்கட்டும் என்கிறது கீழ்த்தளம். கீழே பிரிக்கட்டும் என்கிறது மாடி. நான் பிரித்தால் அழகாக எழுதித் தொலைப்பேன்.

ஆகவே உறை உங்கள் கையில். அந்த அம்மா எதிரிலேயே நிற்கிறார். தையற்காரர் காதுக்குப் பின்னால் இருக்கும் கட்டியைத் தொட்டபடி உங்களையே பார்க்கிறார். பிரித்து, உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

முதலில் அந்தக் கைபேசியைக் கீழே வையுங்கள்.