ஆர்டிஸ் கூப்பிடுகிற இடம்

ஃப்ரீசரில் இன்னொரு தட்டுக்கு இடமில்லை. மார்லிஸ் மான்கறிப் பொட்டலங்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து அடுக்கினாள். அப்பா போய் அரை நாள்கூட ஆகவில்லை. அதற்குள் தெருவில் பாதிப் பேர் ஹாட்டிஷ் செய்து கொண்டுவந்துவிட்டார்கள். இந்த ஊர்க்காரர்களுக்குத் துக்கம் விசாரிக்க வாய் வராது. மாட்டுக்கறியும் உருளைக்கிழங்கும் போட்டு வேகவைத்த கண்ணாடித் தட்டைக் கையில் திணித்து, "தட்டை மெதுவாத் திருப்பிக் குடுத்தாப் போதும்" என்று பூட்ஸைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

கடைசிப் பொட்டலத்துக்கு அடியில் ஒரு ஜிப் பை இருந்தது. கறி இல்லை. கைத்துண்டில் சுற்றிய ஏதோ ஒன்று, கல் மாதிரி கனத்தது. பிரித்துப் பார்த்தாள். அப்பாவின் ஹார்ட் டிஸ்க். மேலே ஒட்டியிருந்த காகிதத்தில் 'குடும்பப் படங்கள்' என்று அவளுடைய கையெழுத்தே இருந்தது.

"பெர்னடின், இது இங்க எப்படி வந்துச்சு?"

தொட்டியருகே கோப்பை கழுவிக்கொண்டிருந்த பெர்னடின் திரும்பினாள். முகம் வெளுத்துவிட்டது.

"அது கெட்டுப்போச்சு. அங்கேயே வச்சிரு."

"கெட்டுப்போனதை யாராவது கறிக்கு அடியில வைப்பாங்களா?"

"நான் ஒன்னும் பண்ணலை, மார்லிஸ். அதுவா நின்னுபோச்சு."

இந்த வாக்கியத்தை மார்லிஸுக்கு மனப்பாடமாகத் தெரியும். டுலூத் நகரத்துப் பள்ளிக்கூடங்களின் கம்ப்யூட்டர்களைப் பழுதுபார்ப்பதுதான் அவள் வேலை. கீபோர்டில் காபியைக் கொட்டிய ஆசிரியரிலிருந்து லேப்டாப்பை மாடியிலிருந்து போட்ட பையன் வரைக்கும் எல்லோரும் சொல்வது இதைத்தான். ஒன்றும் பண்ணாதவர்கள் இதைச் சொல்லி அவள் கேட்டதில்லை.

பெர்னடின் அப்பாவின் இரண்டாவது மனைவி. அம்மா ஆர்டிஸ் போய்ச் சில வருடம் கழித்து அப்பா கட்டிக்கொண்டவள். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். சத்தம் போட்டுப் பேசத் தெரியாத பெண். பேருந்தில் பிள்ளைகளை எப்படித்தான் அடக்கினாளோ. மார்லிஸ் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள், மரியாதையாகப் பேசுவாள், பண்டிகைக்கு ஸ்வெட்டர் வாங்கி அனுப்புவாள். அதற்குமேல் ஒட்டவில்லை, ஒட்ட வேண்டும் என்று இருவருமே நினைக்கவும் இல்லை.

காலையிலேயே ஒரு சந்தேகம் விழுந்துவிட்டது. பனியில் காரில் ஊர்ந்து ஊர்ந்து மார்லிஸ் வந்து சேர்வதற்குள் அப்பா ரெய்னோவின் உயிர் போய்விட்டிருந்தது. "கடைசியா எதாவது சொன்னாரா?" என்று கேட்டாள். "ஒன்னும் சொல்லலை" என்ற பெர்னடின் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மடியில் கனம் இல்லாதவள் எதற்காக முகத்தைத் திருப்ப வேண்டும்? இப்போது இந்த டிஸ்க் வேறு.

அதில்தான் அம்மாவின் குரல் இருந்தது. ஆர்டிஸ் கேமராவைக் கண்டாலே ஓடி ஒளிகிறவள். ஒரே ஒரு வீடியோப் படத்தில், ஏரிக்கரையில், மாட்டிக்கொண்டாள். பழைய டேப்பிலிருந்து அதை டிஸ்க்கில் ஏற்றிக் கொடுத்ததே மார்லிஸ்தான். டேப் எப்போதோ குப்பைக்குப் போய்விட்டது. ஊரெல்லாம் "நகல் எடுத்து வைங்க, நகல் எடுத்து வைங்க" என்று சொல்லித் திரிகிறவள் தனக்கென்று ஒரு நகல் எடுத்துக்கொள்ளவில்லை. ஊருக்கு உபதேசம். அம்மாவின் குரல் எப்படி இருந்தது என்று இப்போது நினைத்துப் பார்த்தால் வார்த்தைகள் வருகின்றன, குரல் வரவில்லை. இந்தப் படமும் இல்லையென்றால் அவ்வளவுதான், அம்மா முழுசாகப் போய்விடுவாள்.

உறைந்திருக்கும் டிஸ்க்கை எடுத்த எடுப்பில் ஓட்டினால் உள்ளே ஈரம் பூத்து மிச்சமும் போய்விடும். துண்டை விரித்து அதன்மேல் வைத்துவிட்டுக் காத்திருந்தாள். முன்னறையில் அப்பாவின் கட்டில் இன்னும் கிடந்தது. வாடகைக்கு எடுத்த ஆஸ்பத்திரிக் கட்டில், நாளைக்குத்தான் வந்து எடுப்பார்கள். பெர்னடின் அதன் போர்வையை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள்.

தம்பி டுவேன் பாதிரியாரைப் பார்த்துவிட்டு வந்தான். மார்லிஸ் அவனை அடுக்களைக்குள் இழுத்து விஷயத்தைச் சொன்னாள்.

"கறிக்கு அடியிலயா?" டுவேன் விசிலடித்தான். "அம்மா குரல் இந்த வீட்ல கேக்கக் கூடாதுன்னு நெனச்சிருக்கா. இதுல புரியறதுக்கு என்ன இருக்கு?"

"மெதுவாப் பேசுடா."

"எதுக்கு மெதுவா? அம்மாவோட தட்டையெல்லாம் இவ சர்ச் விற்பனைக்குக் குடுத்தாளே, அப்பவே எனக்குத் தெரியும்."

டிஸ்க் அறைச் சூட்டுக்கு வந்ததும் மார்லிஸ் அதை முன்னறை மேசையில் தன் லேப்டாப்போடு இணைத்தாள். அது சுழன்றது. கொஞ்ச நேரம் ஒழுங்காக ஓடி, டக் டக்கென்று முட்டி, மறுபடி ஓடியது. பெயர்களெல்லாம் திரையில் வந்தன. 'ஏரி, ஆர்டிஸ்' என்பதும் இருந்தது.

"இருக்கே!" என்றான் டுவேன்.

"பேர் இருக்கு. அழிச்சிருந்தா பேரும் போயிருக்கும். உள்ள பேட் செக்டர். டிஸ்க்குக்குள்ள சுத்தற தட்டுல சில இடம் செத்துப்போச்சு, படிக்க வரலை."

"அப்ப ரிப்பேர் பொத்தானை அமுக்கு."

"அதை அமுக்கித்தான் பாதிப் பேர் இருக்கறதையும் தொலைக்கிறாங்க. முதல்ல நல்ல இடத்தையெல்லாம் வழிச்சு எடுத்துடணும். கெட்ட இடத்துல முட்டிக்கிட்டு நிக்கக் கூடாது. அதைக் கடைசியில பாத்துக்கலாம்."

நகல் எடுக்க விட்டாள். திரையில் ஒரு பட்டை பச்சையாக நீண்டுகொண்டே போனது. பாதி தாண்டியதும் சிவப்பு வந்தது, படிக்க முடியாத இடம். ஒரே இடத்தில் கொத்தாக, அம்மை போட்ட மாதிரி. அதன்பிறகு கடைசிவரை பச்சைதான். அந்தச் சிவப்பில் எந்தப் படம் இருக்கிறது என்று பார்த்தாள். இத்தனை படங்களில் ஒன்றே ஒன்று. அம்மாவின் படம்.

எழுந்து போய் அப்பாவின் பழைய கம்ப்யூட்டரைத் திறந்தாள். கடைசியாக ஓடிய படம் எது என்று பார்த்தாள். அதுவும் அம்மாவின் படம்தான். அதற்கு முந்தின தடவையும், அதற்கு முந்தியும், எல்லாம் இந்தச் சில நாட்களுக்குள். அப்பா படுக்கையை விட்டு எழுந்தே பல வாரம் ஆகியிருந்தது.

கெட்ட இடம் ஒன்று விழுந்துவிட்டால் அதையே திரும்பத் திரும்பப் படிக்கவைப்பது புண்ணைச் சொறிவது போலத்தான், பரவிக்கொண்டே போகும். யாரோ அதையே சொறிந்திருக்கிறார்கள். வீட்டில் இருந்தது பெர்னடின் ஒருத்திதான்.

மார்லிஸ் கட்டில் பக்கம் திரும்பினாள்.

"அம்மா படத்தை எதுக்குத் தொட்டீங்க?"

கட்டிலருகே நின்றிருந்த பெர்னடின் போர்வையை விடவில்லை. "உங்கப்பாவுக்காகத்தான்."

"அப்பாவால கண்ணைத் திறந்து டிவியே பாக்க முடியலைன்னு நீங்கதானே போன்ல சொன்னீங்க?"

அடுப்பில் காபி கொதித்துப் பொங்கும் சத்தம் கேட்டது. பெர்னடின் அதைச் சாக்காக வைத்து அடுக்களைக்குப் போனாள்.

"பாத்தியா?" என்று டுவேன் உதட்டை மட்டும் அசைத்தான். ஆனால் நேருக்கு நேர் சண்டை என்றால் அவனுக்கு ஆகாது. அப்பாவைப் போலவே. "சாயந்திரம் ஆளுங்க வருவாங்க, பாதையெல்லாம் பனி" என்று முணுமுணுத்துவிட்டு, தொப்பியை மாட்டிக்கொண்டு மண்வாரியோடு வெளியே போய்விட்டான்.

மார்லிஸ் லேப்டாப்பின் முன் தனியாக உட்கார்ந்தாள். கெட்ட இடத்தை இப்போது பின்பக்கத்திலிருந்து படிக்கவைத்தாள். முன்னால் போனால் முட்டுகிற இடம் சில சமயம் பின்னால் வந்தால் வழிவிடும். சிவப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. அப்புறம் கரையவில்லை. டிஸ்க்கின் சத்தம் மாறியது. இனி கேட்டால் அது செத்துவிடும். நிறுத்தினாள். கிடைத்தவரை போதும் என்று நகலிலிருந்த படத்தைத் திறந்தாள்.

ஏரிக்கரை, பொழுது சாய்கிற நேரம். மரப் படகுத்துறையின் நுனியில் அம்மா முதுகைக் காட்டி நிற்கிறாள். தூரத்தில் படகில் அப்பா, தூண்டிலும் கையுமாக. அம்மா திரும்பிக் கேமராவைப் பார்த்துவிட்டு முகத்தை மறைக்கிறாள்.

"அதைக் கீழ வைடி, மார்லிஸ்!"

மார்லிஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். இந்தக் குரல்தான். இதையா மறந்தோம்?

அம்மா ஏரியைப் பார்த்துத் திரும்பி, இரு கையையும் வாயருகே குவித்தாள். "யோவ், ரெய்னோ! போதும்யா…"

படம் அப்படியே நின்றது. அம்மாவின் முகம் பாதி கட்டம் கட்டமாகக் கலைந்து, வாய் மட்டும் திறந்தபடி இருந்தது. அதற்குமேல் ஒன்றுமில்லை.

"கரைக்கு வாய்யா," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "மீன் எங்கயும் போயிடாது, நாளைக்கும் அங்கதான் இருக்கும். காபி ஆறுது."

மார்லிஸ் திரும்பினாள். காபிக் கோப்பையோடு பெர்னடின் நின்றிருந்தாள். கடைசி வார்த்தையை மேலே இழுத்து, பொய்க் கோபத்தோடு முடித்த அந்த விதம் பெர்னடினுடையது இல்லை.

"அதுக்கப்புறம் இவ்வளவுதான்," என்றாள் பெர்னடின், தன் குரலில். "உங்கப்பா சிரிப்பார். படம் முடிஞ்சுடும்."

"இது உங்களுக்கு எப்படி…"

பெர்னடின் கோப்பையை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"கடைசியில அவருக்கு என்னைத் தெரியலை. ஆர்டிஸ் எங்க, ஆர்டிஸ் எங்கன்னு கேட்டுக்கிட்டே இருந்தார். செத்துப்போயிட்டாங்கன்னு ஒரு தடவை சொன்னேன். அன்னிக்குத்தான் கேள்விப்பட்ட மாதிரி அழுதார். ரெண்டாந்தடவை சொல்ல எனக்கு மனசு வரலை." மேசைத் துணியின் ஓரத்தை நீவிவிட்டாள். "உங்கம்மா குரலை நான் கேட்டதில்லையே. எப்படிக் கூப்பிடுவாங்கன்னு எனக்கென்ன தெரியும்? அதான் போட்டுப் போட்டுக் கத்துக்கிட்டேன். முடிவு வர்றதுக்குள்ள நின்னு நின்னு போயிடும். ஃப்ரீசர்ல வச்சா ஒரு தடவையாவது ஓடும்னு பக்கத்து வீட்டு வெர்ன் சொன்னார். ஓடிச்சு. அப்புறம் ஓடலை. மறுபடி வச்சேன்."

"என்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

"என்னன்னு? உங்கம்மா மாதிரி பேசிக்கிட்டிருக்கேன்னா?"

மார்லிஸ் தலை குனிந்தாள்.

"காலையில மூச்சு இழுத்துக்கிட்டே இருந்துச்சு. விடவும் மாட்டேங்கிறார். அந்த வாசப்படியில நின்னு கூப்பிட்டேன், படத்துல மாதிரியே." பெர்னடின் காபிக் கோப்பையை மார்லிஸ் பக்கம் நகர்த்தினாள். "'இதோ வர்றேன், ஆர்டிஸ்'னார். அப்புறம் மூச்சு இல்லை."

தன் கையால் சமைத்துப் போட்டு, மருந்து கொடுத்து, மலம் அள்ளிய புருஷன், கடைசியாக இன்னொருத்தியின் பெயரைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அதை இவள் காலையிலிருந்து யாரிடமும் சொல்லாமல் தனியாக வைத்துக்கொண்டு கோப்பை கழுவியிருக்கிறாள். மார்லிஸுக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. எது முதலில் வந்தது என்று தெரியவில்லை.

"நான் திரும்பத் திரும்பப் போட்டதாலதான் கெட்டுச்சா?" என்று பெர்னடின் கேட்டாள். "உள்ளதைச் சொல்லு. உனக்குத் தெரியுமே."

மார்லிஸுக்குத் தெரியும். திரையில் சிவப்பு இன்னும் இருந்தது. லேப்டாப்பைத் தன் பக்கமாகத் திருப்பிக்கொண்டாள்.

"பழைய டிஸ்க், பெர்னடின். எப்படியும் போயிருக்கும்."

பெர்னடின் நம்பினாளா என்று தெரியவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள். வெளியே மண்வாரி பனியைச் சுரண்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"இன்னொரு தடவை சொல்லுங்க," என்றாள் மார்லிஸ். "அம்மா சொல்ற மாதிரி. முழுசா."

"இப்பவா?"

"ம்."

பெர்னடின் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். உட்கார்ந்தபடி அவளுக்கு அது வராது போலிருக்கிறது. வாசப்படிக்குப் போய் நின்று, காலிக் கட்டிலைப் பார்த்து, இரு கையையும் வாயருகே குவித்தாள்.

"யோவ், ரெய்னோ! போதும்யா, கரைக்கு வாய்யா! மீன் எங்கயும் போயிடாது, நாளைக்கும் அங்கதான் இருக்கும். காபி ஆறுது!"

வெளியே சுரண்டும் சத்தம் நின்றது.

படிகளில் தடதடவென்று பூட்ஸ் ஏறியது. கதவு திறந்து குளிர் உள்ளே வந்தது. டுவேன் மண்வாரியைக் கையில் பிடித்தபடியே நின்றான். தொப்பியைக் கழற்றியிருந்தான். அடுக்களையைப் பார்த்தான், கட்டிலைப் பார்த்தான், பெர்னடினைத் தாண்டி உள்ளறையை எட்டிப் பார்த்தான்.

"யாரு கூப்பிட்டா?" என்றான்.

பெர்னடின் இன்னொரு கோப்பையை எடுத்து வைத்தாள்.